பென்ஷனை அரசு தர வேண்டுமா, நாமே சேர்க்க வேண்டுமா?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ கூடலூரிலோ அறுபது வயதைத் தாண்டிய, ஆதரவில்லாத ஒரு பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1200 ரூபாய் முதியோர் பென்ஷன் தருகிறது. குமுளி மலைச்சாலையில் ஏறி எல்லையைத் தாண்டினால், வண்டிப்பெரியாற்றில் அதே வயதுள்ள ஏழைப் பெண்ணுக்குக் கேரள அரசு தரும் க்ஷேம பென்ஷன் 2000 ரூபாய். 2025 நவம்பருக்கு முன்னால் அது 1600ஆக இருந்தது. இருவர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். இருவரும் ஏலத்தோட்டத்திலோ தேயிலைக்காட்டிலோ உழைத்து ஓய்ந்தவர்களாக இருப்பார்கள். அக்கா தங்கையாகக்கூட இருக்கலாம். ஒரு பெண்ணை மலைக்கு மேலும் இன்னொரு பெண்ணைக் கீழேயும் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய.

அரசு வேலைக்காரர்களைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. 2008இல் கூடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன், அதாவது ஆயுள் முழுக்க வரிப்பணத்தில் அரசே தரும் பென்ஷன், கிடையாது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்களெல்லாம், ஊழியரும் தன் சம்பளத்திலிருந்து பணம் போடும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அதே 2008இல் பீர்மேடு பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் கேரள அரசு ஆசிரியராகச் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன் உண்டு. கேரளம் 2013 ஏப்ரலில்தான் புதிய முறைக்கு மாறியது. அதற்கு ஈடாகவோ என்னவோ, பழைய பென்ஷன் உள்ளவர் அங்கே 56 வயதில் ஓய்வுபெற வேண்டும். புதிய முறையில் வந்தவர் 60 வரை வேலை பார்க்கலாம்.

ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் இத்தனை விதமான பென்ஷன் இருப்பதால், உலகம் முழுக்க நடக்கும் ஒரு வாதத்தை நம் ஊரிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வயதான காலத்துக்கான பணத்தை ஒவ்வொருவரும் தன் பெயரில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? அல்லது அரசு எல்லோரிடமும் வரியாக வாங்கி முதியவர்களுக்குத் தர வேண்டுமா? இதைப் பற்றி எனக்குத் தெளிவான ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன், இதன் உள்வேலை என்ன என்று பார்ப்போம்.

பென்ஷன் எந்தப் பெயரில் வந்தாலும் மூன்று வழிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் வழியில், இன்று வேலை செய்பவர்களின் வரிப்பணம் இன்றைய முதியவர்களுக்குப் போகிறது. முதியோர் பென்ஷன், க்ஷேம பென்ஷன், அரசு ஊழியர்களின் பழைய பென்ஷன் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வழியில், தொழிலாளியும் முதலாளியும் ஒரு பொது நிதியில் பணம் போடுகிறார்கள். ஓய்வு பெறும்போது ஒரு சூத்திரப்படி மாதத்தொகை கிடைக்கிறது. பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம் இப்படிப்பட்டது. மூன்றாவது வழி தனிக்கணக்கு. உங்கள் பெயரில் பணம் சேரும், சந்தையில் முதலீடாகும், கடைசியில் என்ன வளர்ந்திருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு தன் புதிய ஊழியர்களுக்குக் கொண்டுவந்த தேசிய ஓய்வூதியத் திட்டம் இது. 2009 மே மாதம் முதல் பொதுமக்களும் அதில் சேரலாம்.

முதல் இரண்டு வழிகளில் உங்களுக்கு இவ்வளவு வரும் என்று முன்னாலேயே ஒரு வாக்கு இருக்கிறது. மூன்றாவதில் இவ்வளவு போடு என்ற கட்டளை மட்டும்தான். வாக்கு இருக்கும் இடத்தில், கணக்கு பிசகினால் நட்டம் அரசுக்கோ நிதிக்கோ. வாக்கு இல்லாத இடத்தில் அது முதியவரின் தலையில் விழும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. நாமே சேமித்தால் அடுத்த தலைமுறையைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். அப்படி ஒரு சேமிப்பே கிடையாது. முப்பது வருஷம் கழித்துச் சாப்பிடப்போகும் சோற்றுக்கான நெல்லை இன்றைக்கே குலுக்கையில் கொட்டி வைக்க முடியாது; புழுத்துப் போகும். அன்றைக்கு உங்களுக்கு வேண்டிய அரிசி, மருந்து, நர்ஸின் கவனிப்பு, பஸ்ஸை ஓட்டும் ஆள் எல்லாமே அன்றைக்கு வேலை செய்பவர்கள் அன்றைக்கு உண்டாக்கித் தருபவை. நீங்கள் சேர்த்து வைத்த பணமோ பங்குப் பத்திரமோ, அன்றைய விளைச்சலில் எனக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்கும் உரிமைச் சீட்டு. வரி வழியாக வரும் பென்ஷனும் அதே விளைச்சலில் கேட்கும் பங்குதான். சீட்டை எழுதிக் கொடுத்தவர் வேறு, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால், முதியோர் பெருகிவிட்டார்கள், அதனால் அரசு பென்ஷன் தாங்காது, எல்லோரும் தனியாகச் சேமியுங்கள் என்ற பேச்சின் ஓட்டை தெரிந்துவிடும். முதியோர் பெருகுவது உண்மை. 2011 கணக்கெடுப்பில் கேரள மக்கள்தொகையில் அறுபது தாண்டியவர்கள் 12.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4. மத்திய அரசின் நிபுணர் குழு கணித்தபடி 2031இல் இது கேரளத்தில் 20.9, தமிழ்நாட்டில் 18.2 ஆகும். நாட்டிலேயே வேகமாக நரைக்கும் மாநிலங்கள் இவை. வரி வழி பென்ஷன் என்றால் வேலை செய்பவர்மீது பாரம் கூடும், சரி. ஆனால் எல்லோரும் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் சேமித்து வைத்து, ஒரே காலத்தில் அவற்றை விற்றுச் சாப்பிட வரும்போது வாங்குகிற இளைஞர்கள் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? விற்பவர் பெருகினால் விலை இறங்கும். ஏலக்காய்ச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்கள்தொகையின் பாரம் இரண்டு வழியிலும் வந்து சேரும்.

சேமிப்பால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சேமித்த பணம் நல்ல தொழிலுக்கும் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் போய் வருங்கால விளைச்சலைக் கூட்டினால், பங்கு போட அதிகம் இருக்கும். அது பெரிய விஷயம். ஆனால் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அரசு போடும் பணமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அரசு செலவழித்தால் வீண், தனியார் சேமித்தால் முதலீடு என்று கோடு கிழிப்பதற்கு ஆதாரம் இல்லை.

விலைவாசி தின்னும் பணம்

இனி கொஞ்சம் கணக்கு. வங்கியிலும் தபால் அலுவலகத்திலும் எல்லோரையும் சேரச் சொல்லும் அடல் பென்ஷன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015இல் தொடங்கியது. 18 முதல் 40 வயது வரை சேரலாம். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபரிலிருந்து சேர முடியாது. முப்பது வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் அறுபதில் மாதம் 5000 ரூபாய் உறுதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், முப்பது வருஷம் கழித்துக் கிடைக்கும் அந்த 5000 ரூபாய் இன்றைய மதிப்பில் சுமார் 870 ரூபாய். தமிழ்நாட்டு முதியோர் பென்ஷனுக்கும் கீழே.

திட்டத்தில் சேராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வேறெந்தப் பிடியும் இல்லாதவருக்கு இது உயிர் இருக்கும் வரை வரும் தொகை, அவருக்குப் பின் துணைக்கும் வரும். சேருவதே நல்லது. ஆனால் 5000 என்ற எண்ணைப் பார்த்து இதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

தனியாக முதலீடு செய்தால்? மாதம் 1000 ரூபாய் வீதம், முப்பது வருஷம் ஒரு மாதம்கூட விடாமல் போடுகிறீர்கள். ஒவ்வொரு வருஷமும் போட்ட 12,000க்கு அடுத்த வருஷத்திலிருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ச்சி என்று வைப்போம். கடைசியில் ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரம். அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுளுக்கும் மாதத்தொகை வாங்கினால், 6 விழுக்காடு வீதத்தில் மாதம் 6800 ரூபாய். இன்றைய மதிப்புக்கு மாற்றினால் 1200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முப்பது வருஷக் கட்டுப்பாடு கொண்டுபோய் விடும் இடம், கம்பத்து மூதாட்டிக்கு இன்று கிடைக்கும் தொகை. கூலி ஏற ஏற கட்டும் தொகையையும் ஏற்றிக்கொண்டே போனால் இதைவிட நன்றாக வரும். சம்பளக்காரர்களால் அது முடியும். மழைக்காலத்தில் பாதி நாள் வேலை இல்லாமலும், காய் எடுப்பு முடிந்ததும் கையை விரித்துக்கொண்டும் இருக்கும் தோட்டத்தொழிலாளியால் 1000 ரூபாயே விடாமல் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. நடுவே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, மகளுக்கு ஒரு கல்யாணம் என்று வந்தால் முதலில் உடைபடுவது இந்தச் சேமிப்புதான். இங்கே ஏலச்சீட்டும் நாலு பவுன் நகையும்தான் ஏழைகளின் உண்மையான சேமிப்பு. நகை பாதி நாள் அடகுக் கடையில் இருக்கும்.

அரசு கொடுக்கும் வாக்கையும் விலைவாசி விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962இல் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1000 ஆனது. 2023இல்தான் 1200. அந்த 12 வருஷத்தில் விலைவாசி 6 விழுக்காடு வீதம் ஏறியிருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. 2011இன் 1000 ரூபாய்க்குச் சமமாக 2023இல் 2000 தந்திருக்க வேண்டும். உயர்த்தினோம் என்று அறிவித்தபோது உண்மையில் அந்தப் பணம் சுருங்கித்தான் இருந்தது. மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயதுள்ளவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 2007இலும் 200தான், இன்றும் 200தான். மிச்சமெல்லாம் மாநிலங்கள் தம் பணத்தில் போடுவது.

அரசு ஊழியரின் பழைய பென்ஷனுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு தடவை அகவிலைப்படி ஏறுகிறது. அவர்களுக்கு விலைவாசியோடு ஓடும் பென்ஷன். காய் பொறுக்கிய கிழவிக்கு அரசு நினைத்தால் ஏறும் பென்ஷன். அரசா தனியாரா என்ற வாதத்தைவிட இந்த வித்தியாசம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஊழியர்களுக்குக் கொடுப்பது தவறென்று சொல்லவில்லை. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கேட்டு வாங்குகிறார்கள். முதியோர் பென்ஷன் வாங்குபவர்களுக்குக் கேட்டு வாங்க ஆளில்லை.

சிலியில் நடந்தது

தனிக்கணக்கு முறையை நாடு முழுக்கச் செய்து பார்த்த முதல் நாடு தென்னமெரிக்காவின் சிலி. 1981இல், பினோசேயின் ராணுவ ஆட்சியில், தொழிலமைச்சர் ஹொசே பின்யேரா இதைக் கொண்டுவந்தார். சம்பளத்தில் 10 விழுக்காடு தனியார் நிர்வகிக்கும் கணக்குக்குப் போகும், முதலாளி எதுவும் போட வேண்டியதில்லை, அரசு ஒதுங்கிக்கொள்ளும். ராணுவத்தினர் மட்டும் தங்கள் பழைய பென்ஷனை விடவில்லை. தனக்கு வேண்டாத மருந்தை ஊருக்கு எழுதிக் கொடுத்த வைத்தியம் அது.

சிலியில் மூலதனச் சந்தை வளர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் நிரந்தர வேலை இல்லாதவர்கள், பிள்ளைபெற்று வளர்க்க வேலையை விட்ட பெண்கள், கூலித் தொழிலாளர்கள் கணக்கில் ஒன்றும் சேரவில்லை. நிர்வாகக் கட்டணமும் தின்றது. கட்டணம் 1 விழுக்காடுதானே என்று தோன்றும். மேலே சொன்ன முப்பது வருஷக் கணக்கில் 8க்குப் பதில் 7 விழுக்காடு என்று போட்டுப் பாருங்கள்; 13.6 லட்சம் 11.3 லட்சமாகிவிடும். ஆறில் ஒரு பங்கு போயிற்று. 2008இல் சிலி அரசே வரிப்பணத்தில் ஏழை முதியவர்களுக்கு அடிப்படை பென்ஷன் கொடுக்கத் தொடங்கியது. 2022இல் அதைப் பெரும்பாலான முதியவர்களுக்கும் விரித்தது. 2025இல் முதலாளியும் பங்கு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அரசு ஒதுங்கிக்கொள்ளும் என்று தொடங்கியது, அரசு திரும்ப உள்ளே வந்து தாங்குவதில் முடிந்தது.

சிலியைப் பார்த்து மாறியவை, மாறி வருந்தியவை நிறைய. 1981க்கும் 2014க்கும் இடையில் 30 நாடுகள் பொது பென்ஷனை முழுதாகவோ பாதியாகவோ தனியார்மயம் ஆக்கின. அதில் 18 நாடுகள் 2018க்குள் அதைத் திருப்பிக்கொண்டன என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. எல்லாத் திருப்பமும் நல்ல நோக்கத்தோடு நடந்ததல்ல. 2008இல் அர்ஜென்டினா தனியார் பென்ஷன் நிதிகளை அரசுடைமை ஆக்கியபோது, முதியவர் நலனைவிட அரசின் பணத்தேவைதான் பெரிதாக இருந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. சுவீடன் போன்ற நாடு இரண்டையும் கலந்திருக்கிறது: சம்பளத்தில் பென்ஷனுக்கென்று போகும் 18.5 விழுக்காட்டில் 16 பொதுத்திட்டத்துக்கு, 2.5 மட்டும் தனிக்கணக்கில். நான் பார்த்தவரை இந்த அளவு விகிதம்தான் புத்திசாலித்தனம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தனிக்கணக்கு எவ்வளவு முயன்றாலும் பொது நிதிக்கு ஈடாகாது. எவ்வளவு காலம் உயிரோடு இருப்போம் என்று யாருக்கும் தெரியாது. 65இல் போகலாம், 95 வரை இருக்கலாம். தனியாகச் சேமிப்பவர் 95க்குச் சேர்க்க வேண்டும்; பாதி வாழ்க்கை வயிற்றைக் கட்ட வேண்டும். லட்சம் பேர் ஒன்றாகச் சேர்ந்தால் சராசரி ஆயுளுக்குச் சேர்த்தால் போதும். சீக்கிரம் போனவர் பங்கு நீண்டு வாழ்பவருக்குப் போய்ச் சேரும். பென்ஷன் என்ற ஏற்பாட்டின் உயிரே இந்தப் பகிர்வில் இருக்கிறது. 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் காப்பீட்டைச் சட்டமாக்கியபோது தகுதி வயது 70 என்று வைத்தார். அந்த வயதைப் பார்த்தவர்கள் அப்போது குறைவு. இன்று நம் ஊரில் எண்பது தாண்டியவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அரசு பென்ஷனின் பலவீனம்

இவ்வளவு சொன்ன பிறகு, அரசு பென்ஷனுக்கு எதிரான வலுவான வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அரசிடம் பணம் இல்லாதபோது வாக்கு என்ன ஆகும்? அதற்கு விடை மலைக்கு மேலேயே இருக்கிறது.

கேரளம் 1980இல் விவசாயத் தொழிலாளர் பென்ஷனை மாதம் 45 ரூபாயாகத் தொடங்கியது. இன்று எல்லா வகை க்ஷேம பென்ஷனும் சேர்த்து வாங்குபவர்கள் 60 லட்சத்துக்கு மேல். 60 லட்சம் பேருக்கு 2000 வீதம் என்றால் மாதம் 1200 கோடி, ஆண்டுக்கு 14,400 கோடி ரூபாய். இந்தப் பணத்தை மாதாமாதம் திரட்டுவதற்காக ஒரு தனி அரசு நிறுவனமே வைத்து, கடன் வாங்கிக் கொடுத்துவந்தார்கள். அந்தக் கடனும் மாநிலத்தின் கடன்தான் என்று மத்திய அரசு 2022இல் கணக்கில் சேர்த்ததும் கடன் வரம்பு சுருங்கியது. கேரளம் 2023இல் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இடையில் பென்ஷன் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. 2023 நவம்பரில் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் பென்ஷன் வரவில்லை என்று பிச்சைச் சட்டி ஏந்தித் தெருவில் இறங்கினார்கள்.

பணம் திரட்ட கேரளம் 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. எல்லையில் என்ன நடக்கும்? குமுளி வண்டிக்காரர்கள் கீழே இறங்கும்போது தமிழ்நாட்டுப் பக்கம் டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். யார்மீது வரி, எதன்மீது வரி என்பதில் பென்ஷனின் பாதி நியாயம் அடங்கியிருக்கிறது. பெட்ரோல்மீது போட்ட வரி ஜீப் வாடகையாகவும் காய்கறி விலையாகவும் அதே ஏழையிடம் பாதி திரும்பிப் போகும். சொத்திலும் பெரிய வருமானத்திலும் வாங்கும் வரி அப்படிப் போகாது. ஆனால் அவற்றில் வருமான வரி மாநிலத்தின் கையில் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது. மத்திய அரசு 200 ரூபாயோடு நின்றுகொண்டு, மாநிலங்களைப் பார்த்துச் செலவைக் குறை என்று சொல்வது எனக்கு ஏற்க முடியாதது.

இன்னொரு நெருக்கடி பழைய பென்ஷன். மாநில வருவாயில் பெரும்பகுதி சம்பளம், பென்ஷன், வட்டி என்று மூன்றாகப் போய்விடுகிறது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு, 25 ஆண்டு பணிக்குச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசும் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 விழுக்காடு போட வேண்டும். சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஊழியர் தலையில் மட்டும் போட்டது சரியில்லை என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்கிறேன். நல்லது. ஆனால் சந்தையின் ஆபத்தைப் படித்த, நிரந்தரச் சம்பளம் வாங்கும் ஆசிரியரால் தாங்க முடியாது என்றால், கூலிக்காரப் பெண்ணை மட்டும் நீயே சேமித்துக்கொள் என்று எப்படிச் சொல்வது?

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள்

விடியற்காலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கமிருந்து ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய முதுமைக்கு யார் பொறுப்பு?

கேரளத்தின் க்ஷேம பென்ஷன் கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கு. உழைப்பு அங்கே, ரேஷன் அட்டை இங்கே. தமிழ்நாட்டு முதியோர் பென்ஷன் ஆதரவற்றவர்களுக்கு. பிள்ளை இருக்கிறானே என்று கேள்வி வரும். பெரிய எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால் பி.எஃப். உண்டு. சின்னத் தோட்டத்தில் அன்றாடக் கூலி என்றால் பெயர் எந்தப் பதிவிலும் ஏறாது. கேரளத்து ஏலக்காயை முப்பது வருஷம் பறித்தவர், கடைசியில் தேனி மாவட்டத்துத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்கிறார்.

பி.எஃப். உள்ளவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடிக்கிடந்தன. கூலியில் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்படாமலும் பணிக்கொடை கொடுபடாமலும் வருஷக்கணக்கில் இழுத்தது. பணிக்கொடை வந்தால்தான் லயத்து வீட்டைக் காலி செய்ய முடியும் என்று ஒழுகும் லயங்களிலேயே கிடந்தார்கள். தனிச்சேமிப்பு அரசைச் சாராதது என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதலாளி பிடித்த பணத்தைக் கட்டினாரா என்று பார்க்க அதிகாரி வேண்டும், கட்டாவிட்டால் வசூலிக்கச் சட்டம் வேண்டும், நிதி நிறுவனம் கவிழாமல் மேற்பார்வை வேண்டும். அரசு கைவிட்ட இடத்தில் தனிச்சேமிப்பும் கைவிட்டுப் போகிறது.

என் கருத்து இதுதான்: முதலில் எல்லா முதியவருக்கும், பிள்ளை இருக்கிறதா என்று கேட்காமல், வரிப்பணத்தில் ஒரு அடிப்படை பென்ஷன். அது ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசிக்கு ஏற்பத் தானாக ஏற வேண்டும், தேர்தலுக்குத் தேர்தல் அல்ல. அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாயாக இருக்கக் கூடாது. அதற்கு மேல், வேலை செய்யும் இடத்திலிருந்து வரும் பி.எஃப். போன்ற பொது நிதி. எல்லை தாண்டிப் போனாலும் தொழிலாளியோடு கூடவே போகும் பதிவு. ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து இதைச் செய்யலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றி இத்தனை காலம் பேசியவர்கள் இதைப் பற்றியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும். தனிச்சேமிப்பு இந்த இரண்டுக்கும் மேலே, முடிந்தவர்களுக்கு.

அதுவரை கையிலிருப்பதை விட்டுவிடாமல் இருக்கச் சில விஷயங்கள். பி.எஃப். பிடிக்கும் தோட்டத்தில் வேலை செய்தால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். என்ற நிரந்தர எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். எஸ்டேட் மாறினாலும் அதே எண்தான். சம்பளத்தில் 12 விழுக்காடு முதலாளி பங்கு; அதில் சம்பளத்தின் 8.33 விழுக்காடு பென்ஷன் நிதிக்குப் போகிறது. 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் இந்தக் கணக்கு. மொத்தம் பத்து வருஷப் பணி சேர்ந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்கப் பென்ஷன். கணக்கிடுவது சுலபம்: கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், 15 வருஷம் என்றால் மாதம் சுமார் 2570 ரூபாய். எட்டு வருஷத்தில் வேலையை விடும்போது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுபவர்கள் பலர். எடுக்காமல், அதுவரை செய்த பணி ஆண்டுகளைக் காட்டும் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால், அடுத்த இடத்தில் இரண்டு வருஷம் வேலை செய்தாலும் பத்து நிறைந்துவிடும். பணம் அவசரமாக வேண்டும் என்றால் பி.எஃப். தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு பென்ஷன் பங்கைத் தொடாமல் விடலாம்.

பென்ஷன் வாங்கத் தொடங்கியவர்கள் ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். கேரளத்தில் க்ஷேம பென்ஷனுக்கு இதை மஸ்டரிங் என்பார்கள், அக்ஷயா என்ற இ-சேவை மையத்தில் செய்யலாம். கொழுந்து கிள்ளியும் காய் எடுத்தும் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் போவது நம் ஊர்களில் சாதாரணம். பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு விரல்ரேகை விழாவிட்டால் முகத்தைக் காட்டியே டிஜிட்டல் உயிர்ச்சான்று எடுக்கும் வசதி இருக்கிறது. இயந்திரம் ஏற்கவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதைக் கேட்டு வாங்குங்கள்.